நான்கு பிரிதிறன்கள்: சுற்றுச்சூழலைக் காட்டும் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடுவது எப்படி?

தொலையுணர்வுப் படம் எவ்வளவு நுணுக்கமான வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுகிறது என்பதன் அளவே பிரிதிறன். தரையில் அருகருகே உள்ள இரு பொருள்களைப் பிரித்துக் காட்டுவது இடப் பிரிதிறன். ஒளியின் அடுத்தடுத்த அலைநீளங்களைப் பிரிப்பது நிறமாலைப் பிரிதிறன். வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை எத்தனை படிகளில் பதிவு செய்கிறது என்பது கதிரளவைப் பிரிதிறன். ஒரே இடத்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை படமெடுக்கிறது என்பது காலப் பிரிதிறன். பேச்சுவழக்கில் ‘உயர் பிரிதிறன் படம்’ என்றால் முதல் வகை மட்டுமே குறிக்கப்படுகிறது. ஆனால் காடு, நீர்நிலை, வயல், தீ, கடல் ஆகியவற்றை அளக்கும் பணியில் மற்ற மூன்றும் அதே அளவு முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரு படம் மற்றொன்றைவிடச் சிறந்ததா என்ற கேள்விக்கு, எதை அளக்கப்போகிறோம் என்று தெரியாமல் விடை கிடையாது.

இடப் பிரிதிறன்

செயற்கைக்கோள் படத்தின் மிகச் சிறிய அலகு பிக்சல். ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பதே வழக்கமாக இடப் பிரிதிறனாகச் சொல்லப்படுகிறது. 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட்டின் முக்கிய உணரிக்கு இது சுமார் 80 மீட்டர். 1982இல் வந்த லேண்ட்சாட்-4இன் புதிய உணரி அதை 30 மீட்டராக்கியது. 1999இல் ஏவப்பட்ட ஐகோனோஸ் வணிகச் செயற்கைக்கோள்களை ஒரு மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தது. 2019 நவம்பரில் இஸ்ரோ ஏவிய கார்டோசாட்-3, கறுப்பு வெள்ளைப் படத்தில் 25 சென்டிமீட்டர் வரை காட்டுகிறது.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தை செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் என்ற உணரியின் 250 மீட்டர் படம் 16 பிக்சல்களில் அடக்கிவிடும். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் படத்தில் அதே நிலம் சுமார் 1,100 பிக்சல்களாகும். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் 10 மீட்டர் படத்தில் 10,000. ஒரு மீட்டர் படத்தில் 10 லட்சம். பிக்சலின் பக்கம் பாதியானால் எண்ணிக்கை நான்கு மடங்காகும். சேமிப்பு, தரவு அனுப்பும் வேகம், கணக்கிடும் நேரம் எல்லாம் அதற்கேற்பக் கூடும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் என்ன செய்யும் என்பதை ஒரு சிறிய ஊருணியை வைத்துப் பார்க்கலாம். அதன் நீளமும் அகலமும் நூறு நூறு மீட்டர். பரப்பு ஒரு ஹெக்டேர். கரைகள் படத்தின் கட்டங்களுக்கு இணையாக அமைந்துள்ளன என்று கொள்வோம். 250 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் அது முழுதாக விழுந்தாலும் அந்தப் பிக்சலில் 16 சதவீதத்தையே நிரப்பும். மீதி 84 சதவீதம் கரையும் வயலும் பொட்டலும் என்பதால், பிக்சலின் மதிப்பில் நீரின் சாயல் இருக்குமே தவிர அதை நீர்நிலை என்று அடையாளம் காண முடியாது. 30 மீட்டர் படத்தில், கட்டங்கள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் பொறுத்து, முழுவதும் நீரால் நிரம்பிய பிக்சல்கள் நான்கு முதல் ஒன்பது வரை கிடைக்கும். அவற்றை மட்டும் கூட்டினால் பரப்பு 0.36 ஹெக்டேராகவும் வரலாம், 0.81 ஹெக்டேராகவும் வரலாம். 10 மீட்டர் படத்தில் 81 முதல் 100 பிக்சல்கள் வரை கிடைக்கும், பரப்பு 0.81க்கும் ஒரு ஹெக்டேருக்கும் இடையில் நிற்கும். நீரும் கரையும் கலந்த ஓரப் பிக்சல்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதே சிறிய நீர்நிலைகளை அளப்பதில் உள்ள முதன்மைச் சிக்கல். கோடையில் நீர் சுருங்கச் சுருங்க, மொத்தத்தில் ஓரப் பிக்சல்களின் பங்கு கூடி, பிழையும் கூடும்.

பிக்சலின் அளவும் உண்மையான பிரிதிறனும் எப்போதும் ஒன்றல்ல. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் பெரும்பாலும் 10 மீட்டர் பிக்சல்களாகவே வழங்கப்படுகின்றன. ஆனால் அவை பிரித்துக்காட்டக்கூடிய தூரம் சுமார் 20 மீட்டர். மோடிஸ் பக்கவாட்டில் அகலமாகப் பார்ப்பதால், நேர்கீழே ஒரு கிலோமீட்டராக இருக்கும் பிக்சல் படத்தின் விளிம்பில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்துவிடும். மென்பொருளில் 30 மீட்டர் படத்தை 10 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் கோப்பு பெரிதாகுமே தவிர, தகவல் கூடாது.

நிறமாலைப் பிரிதிறன்

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. நீர் அண்மை அகச்சிவப்பை ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடுகிறது. இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரம் குற்றலை அகச்சிவப்பில் தெரியும். இப்படி ஒவ்வொரு பொருளும் ஒளியை வேறுவேறு விகிதத்தில் திருப்பி அனுப்புவதால்தான் படத்தைக் கொண்டு அதை இனம்காண முடிகிறது. எத்தனை அலைநீளப் பட்டைகளில், எவ்வளவு குறுகலாக உணரி பிரித்துப் பார்க்கிறது என்பது இங்கே கணக்கு.

கார்டோசாட்-3இன் 25 சென்டிமீட்டர் படத்தில் ஒரு மரத்தின் கவிகையைத் தனியாகக் காணலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் ஒரே எண்ணாகச் சேர்த்துவிடும் கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் வைத்து அந்த மரம் செழிப்பாக இருக்கிறதா, வாடுகிறதா என்று சொல்வது கடினம். 13 பட்டைகள் கொண்ட சென்டினல்-2 தனி மரத்தைக் காட்டாது. ஆனால் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட விளிம்பில் அதற்குள்ள மூன்று பட்டைகள், இலையின் பச்சையம் குறைவதை உணர்த்தும்.

சென்டினல்-2ஐ ‘10 மீட்டர் செயற்கைக்கோள்’ என்று சொல்வதிலும் கவனம் தேவை. அதன் 13 பட்டைகளில் நான்கு மட்டுமே 10 மீட்டர். ஆறு 20 மீட்டர். மூன்று 60 மீட்டர். நீர்ப்பரப்பைப் பிரிக்கப் பெரிதும் உதவும் குற்றலை அகச்சிவப்புப் பட்டைகள் 20 மீட்டரில்தான் வருகின்றன. எந்தப் பட்டையைக் கொண்டு கணக்கிடப்பட்டதோ, அந்தப் பட்டையின் பிரிதிறனே முடிவின் பிரிதிறன்.

ஒரே பெயருள்ள பட்டைகளும் உணரிக்கு உணரி மாறும். அண்மை அகச்சிவப்பு என்பது இஸ்ரோவின் லிஸ்-3 உணரியில் 770 முதல் 860 நானோமீட்டர். லேண்ட்சாட்-8இல் 851 முதல் 879 வரை மட்டுமே. சென்டினல்-2இன் 10 மீட்டர் பட்டையில் ஏறத்தாழ 785 முதல் 900 வரை. சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் கொண்டு கணக்கிடும் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு, ஒரே வயலுக்கு ஒரே நாளில் இந்த மூன்றிலும் சற்றே வேறுபட்டு வரும். இதைத் திருத்தாமல் ஒப்பிட்டால், உணரி மாறியதை வயல் மாறியதாகப் படிக்க நேரிடும்.

கதிரளவைப் பிரிதிறன்

உணரியில் விழும் ஒளியின் அளவு முழு எண்களாகப் பதிவாகிறது. லேண்ட்சாட்-1 ஆறு பிட் கணக்கில் 64 படிகளாகப் பதிவு செய்தது. எட்டு பிட் உணரிக்கு 256 படிகள். லேண்ட்சாட்-8இன் 12 பிட் உணரிக்கு 4,096. 2021 செப்டம்பரில் ஏவப்பட்ட லேண்ட்சாட்-9க்கு 14 பிட், அதாவது 16,384 படிகள்.

இதன் மதிப்பு கருமையான பரப்புகளில் தெரியும். கடலுக்கு மேலே செயற்கைக்கோள் பெறும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வளிமண்டலத்தில் சிதறி வந்தது. நீருக்குள் சென்று திரும்பியது மிகச் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கில் ஏற்படும் இன்னும் சிறிய மாறுதலைக் கொண்டுதான் பச்சையத்தையும், அதன் வழியே மிதவை நுண்பாசிகளின் செறிவையும் கணக்கிடுகிறார்கள். 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2இன் கடல்நிற உணரிக்கு இடப் பிரிதிறன் 360 மீட்டர்தான். ஆனால் எட்டு குறுகிய பட்டைகளையும் 12 பிட் நுணுக்கத்தையும் கொண்டு அது 1,420 கிலோமீட்டர் அகலத்தைப் பார்த்தது. ஒரு மீட்டர் படம் இந்தப் பணிக்கு அதற்கு ஈடாகாது.

படிகள் கூடினால் மட்டும் போதாது. உணரியின் சொந்த இரைச்சல் அந்தப் படிகளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இரைச்சல் மிகுந்த உணரியில் கூடுதல் பிட்டுகள் இரைச்சலையே துல்லியமாகப் பதிவு செய்யும்.

காலப் பிரிதிறன்

லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒன்று அதே இடத்துக்கு 16 நாளில் திரும்பும். இரண்டு சென்டினல்-2 கோள்கள் சேர்ந்து நிலநடுக்கோட்டில் ஐந்து நாளைக்கு ஒருமுறை படமெடுக்கும். மோடிஸ் ஒன்றிரண்டு நாளில் உலகம் முழுவதையும் பார்க்கும். நிலநடுக்கோட்டுக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் இன்சாட்-3டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு கிலோமீட்டர் பிரிதிறனில் அரைமணிக்கு ஒரு படம் தரக்கூடியது.

சுமார் 135 நாள் வயதுள்ள சம்பா நெல்லைக் காவிரிப் படுகையில் கவனிக்க, ஒரே ஒரு லேண்ட்சாட் எட்டு வாய்ப்புகளைத் தரும். அவற்றில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருபவை பெரும்பாலும் மேகத்தால் வீணாகும். ஐந்து நாள் இடைவெளியில் 27 வாய்ப்புகள் கிடைக்கும். மோடிஸ் நாள்தோறும் பார்த்தாலும் அதன் பிக்சல் ஒன்று 6.25 ஹெக்டேர். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர் என்பதால், எட்டு விவசாயிகளின் நிலம் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். நட்ட நாளும் அறுவடை நாளும் அந்த எட்டு நிலங்களில் வேறுபட்டால், பிக்சல் காட்டும் வளர்ச்சிக் கோடு எந்த ஒரு வயலுடையதாகவும் இருக்காது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் இந்தப் பருவத்துக்கு இன்றியமையாதவை ஆனதற்குக் காரணம் அந்த மேகத் தடையே.

சரியான நாளில் எடுத்த படம், சில வேளைகளில் குறைவான பட்டைகளையும் பெரிய பிக்சலையும் ஈடுகட்டிவிடும். ராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் சீமைக்கருவேலம் கோடையிலும் பசுமையாக நிற்கும். சுற்றியுள்ள புல்லும் செடியும் காய்ந்துவிடும். மழைக்காலப் படத்தில் எல்லாமே பச்சையாகத் தெரிவதால் பிரிப்பது கடினம். கோடைப் படத்தில் இந்த வேறுபாடு 30 மீட்டர் பிக்சலிலேயே வெளிப்படும்.

ஒரே கருவியில் எல்லாம் ஏன் கிடைப்பதில்லை?

காரணம் ஒளியின் அளவு. மழையில் வைத்த பாத்திரத்தின் வாய் சிறிதானால் அதே நேரத்தில் சேரும் நீரும் குறைவதுபோல, பிக்சல் சுருங்கினால் அதற்கு வந்துசேரும் ஒளியும் சுருங்குகிறது. பட்டையைக் குறுக்கினாலும் அதே விளைவு. ஒளி குறைந்தால் இரைச்சலுக்கு மேல் சமிக்ஞை நிற்காது. ஆகவே மிக நுண்ணிய படம் எடுக்கும் உணரிகள், ஒளியைச் சேர்த்துக்கொள்ள ஒரே அகன்ற பட்டையைப் பயன்படுத்துகின்றன. 2000இல் ஏவப்பட்டு, இருநூறுக்கு மேற்பட்ட பட்டைகளில் பார்த்த ஹைபீரியன் உணரி 30 மீட்டர் பிக்சலோடும் 7.5 கிலோமீட்டர் அகலத்தோடும் நின்றுகொண்டது. பிக்சல் சிறிதானால் ஒரே நேரத்தில் பார்க்கும் அகலம் குறையும். அகலம் குறைந்தால் உலகைச் சுற்றி முடிக்க அதிக நாள் ஆகும்.

இந்தப் பரிமாற்றத்தை ஒரே இடத்தில் பார்க்க, 2011 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 உதவுகிறது. 817 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோளில் மூன்று உணரிகள் உள்ளன. லிஸ்-4 உணரிக்குப் பிக்சல் 5.8 மீட்டர், பார்க்கும் அகலம் 70 கிலோமீட்டர், மூன்று பட்டைகள். லிஸ்-3க்கு 23.5 மீட்டர், 141 கிலோமீட்டர், நான்கு பட்டைகள், 24 நாள் சுழற்சி. ஏவிஃப்ஸ் உணரிக்கு 56 மீட்டர், 740 கிலோமீட்டர், அதே நான்கு பட்டைகள், ஐந்து நாள் சுழற்சி. மூன்றும் ஒரே கோளிலிருந்து ஒரே சூரிய ஒளியில், ஒரே வளிமண்டலத்தின் வழியே பார்ப்பதால், இங்கே தெரியும் வேறுபாடு பெரும்பாலும் பிரிதிறனால் மட்டுமே வருவது. வெவ்வேறு கோள்களின் படங்களை ஒப்பிடும்போது இந்த வசதி கிடைப்பதில்லை.

பொருளின் அளவும் பிக்சலின் அளவும்

எந்தப் பிக்சல் அளவு எதற்குப் பொருந்தும் என்பதற்கு, கர்டிஸ் வுட்காக், ஆலன் ஸ்ட்ராலர் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் ஒரு தெளிவான அடிப்படையைத் தந்தார்கள். படத்தின் பிக்சல்களைப் படிப்படியாகப் பெரிதாக்கி, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையேயான மாறுபாட்டை அளந்தார்கள். பிக்சல் பொருளைவிட மிகச் சிறியதாக இருக்கும்போது, அண்டைப் பிக்சல்கள் அதே பொருளின் பகுதிகள் என்பதால் மாறுபாடு குறைவு. பிக்சல் பொருளின் அளவை நெருங்கும்போது, ஒன்று மரமாகவும் அடுத்தது நிலமாகவும் விழுந்து மாறுபாடு உச்சத்தைத் தொடும். பிக்சல் மேலும் பெரிதானால், பல பொருள்கள் ஒன்றில் கலந்து மாறுபாடு மறுபடி குறையும்.

இதனால் ஒரு முக்கியமான உண்மை தெளிவாகிறது. பிக்சலைச் சுருக்குவது எப்போதும் வகைப்பாட்டின் துல்லியத்தைக் கூட்டாது. 30 மீட்டர் படத்தில் காடு ஒரே சீரான பரப்பாகத் தெரியும். ஒரு மீட்டர் படத்தில் அதே காடு வெயில் படும் இலை, நிழல், இடைவெளி, மண் எனச் சிதறும். பிக்சலைப் பிக்சலாக வகைப்படுத்தும் பழைய முறை அங்கே தடுமாறும். அதனால்தான் மிக நுண்ணிய படங்களுக்கு, பிக்சல்களை முதலில் பொருள்களாகத் தொகுத்துக்கொண்டு பிறகு வகைப்படுத்தும் முறைகள் வளர்ந்தன.

பிக்சலைவிட மிகச் சிறிய பொருள்களும் போதிய வேறுபாடு இருந்தால் அகப்படும். எரியும் தீ நான்கு மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகக் கடுமையாக ஒளிர்வதால், மோடிஸின் ஒரு கிலோமீட்டர் பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது 1,000 சதுர மீட்டரை நிரப்பும் தீயும் வழக்கமாகவே தெரிந்துவிடும். நீருக்கும் கரைக்கும், காட்டுக்கும் தோப்புக்கும் இடையே இத்தகைய பெரிய வேறுபாடு இல்லை.

பிரிதிறன் முடிவை மாற்றிய மூன்று நிகழ்வுகள்

முதலாவது, அமேசான் காடழிப்பு. பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் புரோடெஸ் என்ற திட்டத்தில் அளந்துவருகிறது. லேண்ட்சாட் வகைப் படங்களில் 6.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட அழிப்புகள் வரைபடமாகும். கணக்கு நம்பகமானது, ஆனால் ஆண்டு முடிவில்தான் வரும், மரம் வெட்டுபவரைத் தடுக்க உதவாது. எனவே 2004இல் டெட்டர் என்ற எச்சரிக்கை முறை தொடங்கியது. அது மோடிஸின் 250 மீட்டர் படங்களைப் பயன்படுத்தி, 25 ஹெக்டேருக்கு மேற்பட்ட அழிப்புகளை உடனுக்குடன் அதிகாரிகளுக்குத் தெரிவித்தது. 25 ஹெக்டேர் என்பது அந்தப் படத்தில் வெறும் நான்கு பிக்சல். பிந்தைய ஆண்டுகளில் அழிப்பின் துண்டுகள் சிறியனவாக மாறியதையும், கண்காணிப்பின் எல்லைக்குக் கீழே காட்டை வெட்டும் போக்கையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2015 முதல் டெட்டரின் புதிய வடிவம், இந்தியாவின் ஏவிஃப்ஸ் உணரியின் 56 மீட்டர் படங்களையும், சீன-பிரேசில் கோளின் 64 மீட்டர் படங்களையும் கொண்டு சுமார் மூன்று ஹெக்டேர் வரை இறங்கியது. துல்லியமான ஆண்டுக் கணக்கும் விரைவான எச்சரிக்கையும் இரு வேறு பணிகள் என்பதால், அந்நாடு இரண்டையும் இரு வேறு பிரிதிறன்களில் நடத்துகிறது.

இரண்டாவது, ஆப்பிரிக்காவின் தீ. சகாராவுக்குத் தெற்கே 2016ஆம் ஆண்டில் எரிந்த பரப்பைச் சென்டினல்-2இன் 20 மீட்டர் படங்களைக் கொண்டு அளந்த ஆய்வு, சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று கண்டது. மோடிஸின் 500 மீட்டர் படங்களிலிருந்து வந்த உலகளாவிய கணக்கைவிட இது 80 சதவீதம் அதிகம். விவசாயிகளும் மேய்ப்பர்களும் வைக்கும் சிறு தீக்களின் தடம் பெரிய பிக்சல்களில் கரைந்துபோயிருந்ததே இதன் காரணம். எரிந்த பரப்பிலிருந்து கணக்கிடப்படும் கரியமில உமிழ்வும் இதனால் மாறுகிறது.

மூன்றாவது, இந்தியாவின் காட்டுக் கணக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 1987ஆம் ஆண்டின் முதல் அறிக்கை 80 மீட்டர் படங்களை வைத்து, 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடுகளை மட்டும் வரைந்தது. 1999 அறிக்கையில் காட்டுப் பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இந்த இரு அறிக்கைகளுக்கும் அடிப்படை லிஸ்-3இன் அதே 23.5 மீட்டர் படங்கள்தான். மாறியது வரைபட அளவு: 1:2,50,000 என்பது 1:50,000 ஆனது; வரைபடத்தில் இடம்பெறும் மிகச் சிறிய பரப்பான சிற்றலகு 25 ஹெக்டேரிலிருந்து ஒரு ஹெக்டேருக்கு இறங்கியது; நாடு முழுவதற்கும் கணினிவழிப் பகுப்பாய்வு வந்தது. முன்பு வரையப்படாத சிறு காட்டுத் துண்டுகள் கணக்கில் ஏறின. 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்த உயர்வை, இரண்டே ஆண்டில் வளர்ந்த காடாகப் படிப்பது பெரும் பிழை. பிக்சல் மாறாமலேயே வரைபடத்தின் சிற்றலகு மாறினால் முடிவு மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முறையான ஒப்பீடு

வெவ்வேறு பிரிதிறன் கொண்ட படங்களை ஒப்பிட வேண்டுமானால் முதலில் இரண்டையும் பெரிய பிக்சலின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நுண்ணிய படத்தைச் சராசரியாக்கிப் பருமனாக்கலாம். பருமனான படத்தில் இல்லாத நுணுக்கத்தை உண்டாக்க முடியாது. அடுத்து, வளிமண்டல விளைவை நீக்கி, இரு உணரிகளின் பட்டை வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனம் லேண்ட்சாட், சென்டினல்-2 படங்களை இப்படி ஒத்திசைத்து, 30 மீட்டர் கட்டங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படம் கிடைக்கும் வகையில் வழங்குகிறது. இரண்டு படங்களும் பயிரின், பருவத்தின் ஒரே கட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். கடைசியாக, இரு வரைபடங்களின் துல்லியமும் களத்தில் சேகரித்த ஒரே சான்றுகளைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டும்.

படங்களை இணைக்கும் முறைகளும் உள்ளன. நுண்ணிய கறுப்பு வெள்ளைப் படத்தோடு பருமனான வண்ணப் படத்தைச் சேர்த்துக் கூர்மையாக்குவது நெடுநாளைய வழக்கம். மோடிஸின் அன்றாடக் காட்சியையும் லேண்ட்சாட்டின் நுணுக்கத்தையும் சேர்த்து, படம் எடுக்கப்படாத நாளுக்கும் 30 மீட்டர் மதிப்பைக் கணிக்கும் முறை 2006இல் வெளிவந்தது. இணைத்த படம் கணிப்பே. நேரடி அளவீடு அல்ல. இரு லேண்ட்சாட் படங்களுக்கு நடுவே ஒரு சிறு நிலம் உழப்பட்டிருந்தால் அதை அந்தக் கணிப்பு தவறவிடலாம்.

ஆகவே படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி, அளக்க வேண்டிய பொருளின் அளவு என்ன. இரண்டாவது, அது எவ்வளவு விரைவாக மாறுகிறது. மூன்றாவது, எந்த அலைநீளத்தில் சுற்றுப்புறத்திலிருந்து பிரிந்து தெரிகிறது. நான்காவது, அந்த வேறுபாடு எவ்வளவு மெல்லியது. புயல் மேகத்துக்கு ஒரு கிலோமீட்டரும் அரைமணியும் பொருந்தும். மாநில அளவிலான பயிர்ப் பரப்புக்குப் பத்து முதல் இருபது மீட்டரும் ஐந்து நாளும் பொருந்தும். கடல் பச்சையத்துக்குக் குறுகிய பட்டைகளும் மிகுந்த பிட்டுகளும் வேண்டும். நகரத்தின் தனி மரங்களுக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்த படம் வேண்டும். காட்டின் பரப்பாகவோ எரிந்த நிலமாகவோ வறண்ட ஏரியாகவோ வெளியிடப்படும் ஒவ்வோர் எண்ணுடனும் அது எந்த உணரியில், எந்தப் பிக்சலில், எந்த நாளில், எந்தச் சிற்றலகில் அளக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே வெளிவர வேண்டும். அந்த விவரம் இருந்தால்தான் வேறொரு ஆண்டின் எண்ணோடு அதை ஒப்பிட முடியும்.